பழைய ஷோகி செட்: வாங்குறது, தொடைக்கிறது, சரி பண்றது. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானுக்கு வேலைக்கு வந்து ஒம்பது வருஷம் ஆகுது. அதுல ஏழு வருஷமா பழைய ஷோகி செட் சேத்துக்கிட்டு இருக்கேன். வீட்ல இப்போ பதினாலு செட் காயும் மூணு பலகையும் இருக்கு, பலகைய மூணோட நிறுத்திக்கிட்டேன், நிறுத்த வெச்சாங்கன்னு சொல்றதுதான் சரி. வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் அந்தக் காய எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு ஒரே கேள்விகளத்தான் கேக்குறாங்க, அதனால மொத்தத்தையும் ஒரு எடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன். நான் தச்சனும் இல்ல, ஷோகி பிளேயரும் இல்ல, ஆட்டத்துல பக்கத்து வீட்டுப் பொடியன்கிட்டயே தோக்குற ஆளு. ஆனா காயக் கெடுத்த அனுபவம் நிறைய இருக்கு.

ஷோகின்னா என்ன? செஸ்ஸுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கு. ரெண்டும் நம்ம பக்கத்து சதுரங்கத்துல இருந்து கெளம்பினதுதான்னு சொல்றாங்க, ஒண்ணு மேற்கால போயி செஸ் ஆச்சு, இன்னொண்ணு கிழக்கால போயி கடைசியா ஜப்பான்ல ஷோகி ஆச்சு. எந்த வழியா போச்சுங்கறதுல அறிஞர்களுக்குள்ள இன்னும் சண்டை. ஆனா ஒரு தடயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஷோகில வெள்ளித் தளபதின்னு ஒரு காய், அதோட நடையும் தாய்லாந்து செஸ்ஸான மக்ருக்ல இருக்குற கோன்ங்கிற காயோட நடையும் அச்சு அசல் ஒண்ணு. பர்மா செஸ்ல அதே நடைய யானைன்னு கூப்பிடுறாங்க.

பலகை ஒம்பதுக்கு ஒம்பது. காய் எல்லாம் அஞ்சு பக்கம் இருக்குற ஆப்பு மாதிரி மரத்துண்டு, மேல எழுத்து இருக்கும், கலர் கெடையாது. கலர் ஏன் இல்லன்னா வெட்டுன காய நீங்களே உங்க ஆளா திரும்ப பலகைல எறக்கலாம், கருப்பு வெள்ளைன்னு பிரிச்சா அது நடக்காது. காயோட கூர் முனை எந்தப் பக்கம் பாக்குதோ அத வெச்சுதான் யாரோட காய்னு தெரியும்.

இந்த அஞ்சு பக்க வடிவம் நேத்து வந்தது இல்லீங்க. நாரா ஊர்ல கோஃபுகுஜி கோயில் இடத்துல 1993-ல தோண்டினப்போ பதினாறு காய் கெடச்சுது, கூடவே 1058-ம் வருஷம் எழுதின மரச்சீட்டும் கெடச்சுது. அந்தக் காயெல்லாம் இதே வடிவம்தான். நம்ம ஊர்ல ராஜராஜன் பெரிய கோயில் கட்டி முடிச்சு அம்பது வருஷம்கூட ஆகாத காலம் அது.

செட்ல எத்தனை காய்? எண்ணிப் பாக்கணுமா?

கண்டிப்பா எண்ணணும், இத மொதல்ல பண்ணுங்க, மத்ததெல்லாம் அப்புறம். ஆளுக்கு இருபது, மொத்தம் நாப்பது. ராஜா ஒண்ணு, ஹிஷா ஒண்ணு (நம்ம யானை, ரூக்), கக்கு ஒண்ணு (பிஷப்), தங்கம் ரெண்டு, வெள்ளி ரெண்டு, குதிரை ரெண்டு, ஈட்டி ரெண்டு, சிப்பாய் ஒம்பது. நல்ல செட்ல சிப்பாய் ஒண்ணோ ரெண்டோ எக்ஸ்ட்ரா வெச்சுக் குடுப்பாங்க, தொலையும்னு அவங்களுக்கே தெரியும். அதனால நாப்பத்தி ரெண்டு இருந்தா சந்தோஷப்படுங்க, முப்பத்தொம்பது இருந்தா விலையப் பேசுங்க.

எண்ணிக்கை சரியா இருந்தாலும் ஏமாறலாம். ராஜா ரெண்டும் ஒரே மாதிரி இருக்காது, ஒண்ணுல எழுத்துக்குள்ள ஒரு புள்ளி கூடுதலா இருக்கும், அந்தப் புள்ளி உள்ளத ஜூனியர் ஆட்டக்காரர் வெச்சுக்குவார், புள்ளி இல்லாதது சீனியருக்கு. சில பழைய செட்ல ரெண்டுமே புள்ளி வெச்சதாவும் வரும், அது தப்பு இல்ல. ஆனா ரெண்டு செட்ட ஒண்ணாக் கலந்து ஒரு செட்டுன்னு விக்கிறது நிறைய நடக்குது. ஒரே சைஸ் காய்கள வரிசையா நிக்க வெச்சு அடிப்பக்கத்துத் தடிமனையும் மரத்தோட கலரையும் பாத்தீங்கன்னா கலப்படம் பல்லக் காட்டிடும்.

காய்ல எத்தனை வகை?

அச்சுல அடிச்சது, பிரஷ்ல எழுதினது, செதுக்கினது, செதுக்கி நெரப்பினது, செதுக்கி நெரப்பி அதுக்கு மேல புடைக்க வெச்சது. இந்த வரிசைலயே விலையும் ஏறும்.

அச்சுக் காய் சல்லிசு. ஷோவா காலத்துல, அதாவது நம்ம தாத்தா அப்பா காலத்துல, வீட்டுக்கு வீடு இருந்தது. பிரஷ்ல எழுதின காய் பழசு, எழுத்து ஓடுற வேகத்துலயே இருக்கும், ஒரு மாதிரி கிறுக்கலா அழகா இருக்கும், மரத்துக்கு மேலயே லாக்கரால, அதாவது மரத்துக்குப் போடுற மெருகுப் பூச்சால, எழுதினது, அதனால தேயும். செதுக்குன காய் எழுத்த உளியால பள்ளம் தோண்டி அதுக்குள்ள உருஷிங்கிற, மரத்துப் பால்ல இருந்து எடுக்குற லாக்கர விட்டது, விரலால தடவுனா பள்ளம் தெரியும், ஆரம்பிக்கிறவங்களுக்கு இதுதான் பெஸ்ட், ஏன்னா உழைக்கும், சரி பண்றதும் ஓரளவு சாத்தியம். நெரப்பினதுல பள்ளத்த முழுசா மூடி மரத்தோட மட்டமாத் தேச்சிருப்பாங்க, கண்ண மூடிக்கிட்டுத் தடவுனா எழுத்து இருக்குறதே தெரியாது. கடைசி வகை மோரியாகே, மட்டமா நெரப்பின எழுத்து மேல திரும்பவும் மெல்லிசு பிரஷ்ஷால உருஷி வெச்சு எழுத்து புடைச்சு நிக்கும், பெரிய பட்டப் போட்டி ஆட்டமெல்லாம் இதுலதான் நடக்கும்.

ஒரு எச்சரிக்கை, எழுத்து புடைச்சிருக்குன்னு பாத்த ஒடனே மோரியாகேன்னு துள்ளாதீங்க. ரெசின்ல பிரிண்ட் பண்ணியும் புடைக்க வைப்பாங்க. ஒரே செட்ல இருக்குற சிப்பாய் நாலஞ்ச பக்கத்துல பக்கத்துல வெச்சு பூதக்கண்ணாடில பாருங்க, கையால வெச்சதுன்னா ஒரு சிப்பாயோட வால் மாதிரி இன்னொண்ணோட வால் இருக்காது. எல்லாம் ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இருந்தா அது ஜெராக்ஸ்தான்.

டெண்டோன்னு எல்லா எடத்துலயும் போட்டிருக்கே, அது கம்பெனி பேரா?

ஊர் பேருங்க. யாமகதா மாநிலத்துல ஒரு சின்ன சிட்டி. ஜப்பான்ல செய்யிற ஷோகி காய்ல பத்துக்கு ஒம்பதுக்கு மேல அங்கதான் செய்யிறாங்க. கதை நல்லா இருக்கும். எடோ காலக் கடைசில, அதாவது பத்தொம்பதாம் நூற்றாண்டு நடுவுல, அந்த ஊர ஆண்ட ஓடா வம்சம் கடன்ல மூழ்கிக் கெடந்தது, சாமுராய்க்குச் சம்பளம் குடுக்க வழி இல்ல. அப்போ யோஷிதா டாய்ஹாச்சின்னு ஒரு மூத்த அதிகாரி, சும்மா இருக்குற சாமுராய் வீட்ல உக்காந்து ஷோகி காய் செஞ்சு வித்துக்கட்டும்னு சொன்னார். வாள் புடிக்கிற கை காய் எழுதுறதான்னு முணுமுணுத்தாங்க, அதுக்கு அவர் ஷோகி போர்த் தந்திரம்தானே, இதுல என்ன கௌரவக் கொறச்சல்னு சமாதானம் சொன்னாராம். 1868 உள்நாட்டுப் போர்ல அவர் வயித்தக் கிழிச்சிக்கிட்டுச் செத்துப்போனார், ஆனா தொழில் நெலைச்சு நின்னுடுச்சு. 1996-ல அரசாங்கம் இத மரபுக் கைவினைன்னு அறிவிச்சது.

வருஷா வருஷம் ஏப்ரல்ல செர்ரி பூக்குற நேரத்துல அங்க மலை மேல மனுஷங்களையே கவசம் போட்டுக் காயா நிக்க வெச்சு ஷோகி ஆடுவாங்க. ஒரு தடவ போயிட்டு வாங்க. கூட்டம் அலைமோதும், ஸ்டேஷன்லயே சாப்பிட்டுப் போங்க.

மரம் என்னன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒசந்தது ட்சுகே, இங்கிலீஷ்ல பாக்ஸ்வுட்னு சொல்றது. டோக்கியோவுக்குத் தெக்க இருநூறு கிலோமீட்டர் தள்ளி கடலுக்குள்ள மிகுரான்னு ஒரு தீவு, அந்தத் தீவு ட்சுகேக்குத் தனி மவுசு. அடுத்தது ககோஷிமா பக்கத்து சத்சுமா ட்சுகே. ரொம்ப மெதுவா வளர்ற மரம், அதனால எழ நெருக்கமா கல்லு மாதிரி இருக்கும், புதுசுல வெளிர் மஞ்சள், கை பட்டுப் பட்டு நாப்பது அம்பது வருஷத்துல தேன் கலருக்குப் போயிடும். சில துண்டுல புலிக்கோடு மாதிரி ரேகை குறுக்க ஓடும், அந்தப் புலிக்கோட்டுக்குத்தான் அடிதடி.

அதுக்குக் கீழ கமேலியா, மேப்பிள், பிர்ச், மக்னோலியா. இதுவும் மோசம் இல்ல, சாதாரண டெண்டோ காயெல்லாம் இப்படித்தான். பிரச்சனை என்னன்னா ஷாம் ட்சுகேன்னு ஒண்ணு வரும், ஷாம்னா சயாம், அதாவது தாய்லாந்து. அது ட்சுகே குடும்பமே இல்ல, கார்டீனியா வகை. பாக்க அதே மஞ்சள்ல இருக்கும், விளம்பரத்துல ட்சுகேன்னு மட்டும் பெருசா இருக்கும், ஷாம் மூலைல இருக்கும். கைல எடுத்தா தெரியும், காயோட காய மெல்லத் தட்டினா நல்ல ட்சுகே டிக்குன்னு சுருக்கமா ஒரு சத்தம் குடுக்கும். எழுதிக் காட்ட முடியாது, ரெண்டு செட்ட வெச்சுத் தட்டிப் பாத்தாத்தான் காது புடிக்கும்.

ராஜாவோட அடியில பொடி எழுத்துல ஏதோ இருக்கு, அது என்ன?

அதுதான் ஜாதகம். ஒரு ராஜாவோட அடியில செஞ்சவர் பேரு இருக்கும், இன்னொரு ராஜாவோட அடியில எழுத்து பாணியோட பேரு இருக்கும். சல்லிசான செட்ல ஒண்ணுமே இருக்காது.

பாணில நாலஞ்சுதான் அடிக்கடி கண்ணுல படும்: கின்கி, மினாசே, கியோயாசு, ர்யோகோ. மினாசேங்கறது பதினாறாம் நூற்றாண்டுல இருந்த மினாசே கனேநாரிங்கற அரண்மனைப் பிரபுவோட கையெழுத்து. அவர் யார் யாருக்கு எத்தனை செட் எழுதிக் குடுத்தேன்னு கணக்கு வெச்சிருக்கார், 1590-ல இருந்து 1602 வரைக்கும் எழுநூத்து சொச்சம் செட்டு, அதுல தொகுகவா இயேயாசு மட்டும் அம்பதுக்கு மேல வாங்கியிருக்கார். ஜப்பானையே புடிச்ச ஆளுக்கு அவ்ளோ செட் எதுக்குன்னா பரிசு குடுக்கத்தான், நம்ம கல்யாணத்துல குத்துவிளக்கு குடுக்குற மாதிரி. ர்யோகோ அப்படி இல்ல, மாகி ர்யோகோன்னு எடோ காலத்து எழுத்துக் கலைஞர், அவரோட எழுத்துல இருந்து பிற்பாடு எடுத்துக் காய்க்கு மாத்தினது.

செஞ்சவங்க பேர்ல தோயோஷிமா ர்யூசான், ஒகுனோ இக்கோன்னு பாத்தா மனசு படபடக்கும். படபடப்ப அடக்கிட்டு பணத்தப் பைலயே வைங்க. நூறு வருஷத்துக்கு முன்ன டோக்கியோவுல இருந்த பெரிய கைகள், அதனாலயே போலி நிறைய. ராஜா அடியில ரெண்டெழுத்து செதுக்க எவ்ளோ நேரம் ஆகும்? பேரப் பாத்து வாங்காதீங்க, சிப்பாயப் பாத்து வாங்குங்க. ராஜாவுக்கு எல்லாரும் மெனக்கெடுவாங்க, பதினெட்டாவது சிப்பாய்லயும் அதே நிதானம் இருந்தா அவன்தான் கைகாரன்.

எங்க வாங்குறது? எவ்ளோ ஆகும்?

ஆன்லைன்ல ஏலம் விடுற யாஹூ ஆக்‌ஷன், மெர்காரி. வெளிநாட்ல இருந்தா நடுவுல ப்ராக்ஸி சர்வீஸ் (நமக்காக வாங்கி அனுப்புறவங்க) வேணும், அவங்க கமிஷன், பேக்கிங், தபால் செலவு, கஸ்டம்ஸ் எல்லாம் சேத்தா சில நேரம் காய விட வழிச்செலவு ஜாஸ்தி. நேர்லன்னா கியோட்டோவுல தோஜி கோயில் சந்தை மாசாமாசம் 21-ம் தேதி, கிதானோ தென்மாங்கு கோயில் சந்தை 25-ம் தேதி. டோக்கியோல செதகாயா போரோஇச்சி, டிசம்பர் 15, 16, ஜனவரி 15, 16, நானூறு வருஷத்துக்கு மேல நடக்குற சந்தை. குளிர்ல வெறைச்சிக்கிட்டே போகணும். என் மொத செட்டு அங்க வாங்கினதுதான்.

விலை? பழைய செதுக்குன செட்டு சில ஆயிரம் யென்னுக்கே கெடைக்கும். பேர் போன கையோட மோரியாகே பல லட்சம் யென். நடுவுல எல்லாமே இருக்கு. நீங்க சில ஆயிரத்துலயே ஆரம்பிங்க.

வாங்கியாச்சு. ஒரே அழுக்கு. என்ன பண்ண?

இங்கதான் நிதானம் வேணும். என் மொத செட்டோட கதைய சொல்லிடறேன். செதுக்குன ட்சுகே, மேல கருப்பா எண்ணெய்ப் பிசுக்கு, எழுத்துப் பள்ளத்துல எல்லாம் தூசி அடைஞ்சு கெடந்துது. வீட்டுக்கு வந்த அன்னிக்கு ராத்திரியே நானூறு நம்பர் உப்புத்தாள் எடுத்து உக்காந்துட்டேன். தேக்க தேக்க உள்ளேருந்து பளீர்னு மஞ்சள் வந்துது, எனக்கு ஒரே குஷி, விடியக்காலை நாலு மணிக்கு நாப்பதையும் முடிச்சுட்டேன். வெளிச்சத்துல பாத்தா காயெல்லாம் இட்லி மாதிரி உருண்டுபோய் இருக்கு, ஓரம் எல்லாம் மழுங்கி, சிப்பாய்ங்க ஆளுக்கு ஒரு சைஸ். அம்பது வருஷம் யாரோட கையோ ஏத்தி வெச்ச தேன் கலர ஒரே ராத்திரில தூளாக்கித் துணில தட்டிட்டேன். அது அழுக்கு இல்லீங்க. அழுக்குக்குக் கீழ இருந்ததுதான் அந்த செட்டோட சொத்து. அந்த செட்ட யாருக்கும் குடுக்கல, விக்கவும் இல்ல, வெச்சிருக்கேன்.

இப்போ பண்றது இதுதான். மொதல்ல ரெண்டு மூணு நாள் நெழல்ல காத்தாட பரப்பி வைப்பேன், வெயில்ல வெக்கவே கூடாது, உருஷிக்கு வெயில்தான் எமன், மரமும் முறுக்கும். அப்புறம் பழைய பனியன் துணியால ஒவ்வொரு காயா காஞ்ச தொடைப்பு. பள்ளத்துக்கு மெத்துன்னு இருக்குற டூத்பிரஷ்ஷு, அதுக்கும் வராததுக்கு மூங்கில் பல்குச்சி, ஊசி கூடவே கூடாது. இதுலயே முக்கால்வாசி போயிடும். மிச்சத்துக்குத் துணில கமேலியா எண்ணெய் ஒரு சொட்டு, காய்க்கு ஒரு சொட்டு இல்ல, நாப்பது காய்க்கும் சேத்து ஒண்ணு ரெண்டு சொட்டு, துணிய நல்லா கசக்கி எண்ணெய் இருக்கா இல்லையான்னு சந்தேகம் வர்ற அளவுக்கு ஆனப்புறம் தொடைங்க. ஒரு நாள் விட்டுத் திரும்பவும் காஞ்ச துணி. ஒரு காய்க்கு அஞ்சு நிமிஷம்னா ஒரு செட்டுக்கு மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும், ஒரே நாள்ல முடிக்கணும்னு யாரும் கேக்கல. தேங்காய் எண்ணெய் போடலாமான்னு கேக்குறாங்க, வேணாம், சிக்குப் புடிச்சு நாள்பட்டா வாடை அடிக்கும்.

தண்ணில ஊறப் போட்டா?

போடாதீங்க.

ஆல்கஹால், தின்னர்?

காஞ்சு கெட்டியான உருஷி ஆல்கஹாலுக்கு அசையாதுதான். ஆனா உங்க காய்ல இருக்குறது உருஷியா, சாதா பெயிண்ட்டா, அச்சு மையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அச்சு மைன்னா பஞ்சோட வந்துடும், சிப்பாய் வெறும் மரத்துண்டா நிக்கும்.

எழுத்துல லாக்கர் உதுந்திருக்கு, நானே போட்டுக்கலாமா?

செதுக்குன காய்ன்னா பழகிட்டுப் போடலாம், புடைச்ச எழுத்துன்னா கை வைக்காம கைவினைஞர்கிட்ட குடுங்க.

உருஷி பத்தி ஒரு விஷயம் மொதல்ல தெரிஞ்சிக்கணும், அது உடம்புக்கு ஆகாது. பச்சையா தோல்ல பட்டா அன்னிக்கு ஒண்ணும் தெரியாது, ரெண்டு நாள் கழிச்சு அரிப்பும் கொப்புளமும் கெளம்பும். நம்ம ஊர்ல சேராங்கொட்டை தெரியுமில்ல, வண்ணார் துணில குறி போடுறதுக்கு வெச்சிருந்தது, பட்டா புண்ணாகும்னு பாட்டி பயமுறுத்துவாங்களே, அதுவும் உருஷி மரமும் ஒரே குடும்பம். மாமரமும் முந்திரியும் அதே குடும்பம்தான். மாங்காப் பால் பட்டு வாய் ஓரம் வெந்து போற ஆளா நீங்க? அப்போ உருஷிகிட்ட ரெண்டு மடங்கு ஜாக்கிரதையா இருங்க. கையுறை, முழுக்கை சட்டை, கண்ணத் தேய்க்காம இருக்குறது.

அடுத்தது, உருஷி காயறதே தலைகீழ். பெயிண்ட் மாதிரி வறண்ட காத்துல காயாது, ஈரம் வேணும். அதுக்குள்ள இருக்குற ஒரு என்சைம் காத்து ஈரத்துலதான் வேலை செய்யும், எழுபது எம்பது சதவீத ஈரமும் இருபது இருபத்தஞ்சு டிகிரி சூடும் இருந்தா ஒரு ராத்திரில மேல்தோல் கட்டிக்கும், முழு கெட்டி ஆக வாரக்கணக்குல ஆகும். நான் ஒரு பிளாஸ்டிக் டப்பாக்குள்ள ஈரத் துணி விரிச்சு, மேல மரச்சட்டம் வெச்சு, அதுமேல காய அடுக்கி மூடி வெச்சிடுவேன். இந்த ஒரு விஷயத்துல சென்னை ஐப்பசி மழைக்கு இந்த ஊர் ஜனவரி கிட்ட நிக்க முடியாது.

போடறப்போ பெரிய தப்பு கசிவுதான். உருஷிய நேரா மரத்துல விட்டா மர எழ வழியா பக்கவாட்டுல ஓடிப் பூனை மீசை மாதிரி கோடு இழுக்கும், அப்புறம் சுரண்டவும் முடியாது. அதனால பள்ளத்துக்குள்ள மொதல்ல மெல்லிசா ஒரு அடைப்பு, தண்ணி கலந்த பசை மாதிரி ஏதாவது, பூசிக் காய விடணும். காஞ்சப்புறம் ரொம்ப மெல்லிசு பிரஷ் நுனில தொட்டு, உதுந்த எடத்துல மட்டும். பக்கத்துல நல்லா இருக்குற பழைய லாக்கர் மேல ஏறக் கூடாது. புதுசு பளபளன்னு தெரியும், பழசு மங்கலா இருக்கும், அந்த வித்தியாசத்தப் பாத்துட்டு முழு எழுத்தையும் திரும்ப எழுதிடலாமேன்னு கை துறுதுறுன்னு வரும் பாருங்க, அப்போ எழுந்து போயி ஒரு காபி போட்டுக் குடிங்க.

உருஷிக்குப் பதிலா வேற ஏதாவது?

கேஷ்யூ பெயிண்ட்னு ஜப்பான்ல கெடைக்கும். பேர்லயே இருக்கு, முந்திரிக்கொட்டை ஓட்டுல இருந்து எடுக்குற எண்ணெய்ல செய்யிறது, பண்ருட்டி பக்கம் முந்திரி ஒடைக்கிறவங்க கையெல்லாம் கருத்துப் போகுமே அதே எண்ணெய். சாதாரண காத்துலயே காயும், பாக்க உருஷி மாதிரியே இருக்கும், அரிப்புத் தொல்லை ரொம்பக் கம்மி. சல்லிசான செட்டுக்கு நான் இதத்தான் போடுறேன். ஒசந்த செட்டுல போட்டுட்டு உருஷின்னு சொல்லி விக்காதீங்க, அவ்ளோதான்.

ஒரு காய் தொலைஞ்சிருக்கு.

சிப்பாய்ன்னா எக்ஸ்ட்ரா இருக்கும். மத்ததுக்கு அதே மரம், அதே பாணி, அதே சைஸ்ல ஒடஞ்ச செட்டு எதாவது ஆக்‌ஷன்ல வரும், காத்துக்கிட்டு இருக்கணும், எனக்கு ஒரு குதிரைக்காக ரெண்டு வருஷம் ஆச்சு. டெண்டோ கைவினைஞர்கள்ட்ட ஒத்தக் காயாச் செஞ்சு தரச் சொல்லலாம், சில பேர் ஒத்துக்குவாங்க, ஆனா புதுசு வெள்ளையா தனியா நிக்கும். டீத்தண்ணி, காபித்தண்ணில போட்டுப் பழசாக்குற வேலையெல்லாம் வேணாம், கேவலமா இருக்கும்.

பலகையும் வாங்கணுமா? எது நல்ல பலகை?

கயாங்கற மரம்தான் ராஜா, அதுலயும் கியூஷூ தீவுல மியாசாகி பக்கம் வெளையிற கயா. பல நூறு வருஷம் வளந்த மரம் வேணும், இப்போ கெடைக்கிறது கஷ்டம். தேன் நிறம், முகந்தா ஒரு இனிப்பு வாசனை அம்பது வருஷம் ஆனாலும் இருக்கும், காய டப்புன்னு வெச்சா உள்ள வாங்கிக்கிட்டுத் திரும்ப எழும்புற ஒரு மெத்துன்னு குணம் இருக்கும். அடுத்தது கட்சுரா. புதுக் கயான்னு அர்த்தம் வர்ற மாதிரி ஷின் கயான்னு போட்டிருந்தா அது கயா இல்ல, ஸ்ப்ரூஸ். ட்சுகேல ஷாம் மாதிரி இங்க ஷின். ஜப்பான் வியாபாரியும் நம்ம ஊர் வியாபாரியும் ஒரே பள்ளிக்கூடம்.

காலு வெச்ச பலகைய அடில திருப்பிப் பாருங்க. காலு நாலும் கூச்சினாஷிங்கற கார்டீனியா பழ வடிவத்துல இருக்கும். ஏன் அந்தப் பழம்னா கூச்சி நாஷின்னா வாய் இல்லன்னு இன்னொரு அர்த்தம் வரும், அதாவது பக்கத்துல உக்காந்து யானைய நகத்து குதிரைய நகத்துன்னு ஐடியா குடுக்குறவன் வாய மூடுன்னு சொல்றது. மூடலன்னா? நடுவுல சதுரமா ஒரு குழி இருக்கும் பாருங்க, அதுக்குப் பேரு ரத்தக் குழி, வாய் மூடாதவன் தலைய வெட்டி அதுல வெக்கறதுக்குன்னு கதை. உண்மைல மரம் வெடிக்காம இருக்கவும் காய் வெக்கிற சத்தம் நல்லா வரவும்தான் தோண்டுறாங்க. எங்க அப்பாகிட்ட வீடியோ கால்ல அந்தக் குழியக் காட்டிக் கதையச் சொன்னேன், கேரம்போர்டுக்கும் இப்படி ஒண்ணு இருந்திருக்கணும்டான்னார்.

கோட்டையும் பாருங்க. நல்ல பலகைல கோடு பிரஷ்ஷால போட்டது இல்ல, மழுங்கின வாளோட விளிம்புல உருஷியத் தடவி அப்படியே மரத்து மேல வெச்சு எடுக்குறது. விரலால தடவினா கோடு லேசா மேடு தட்டும்.

இன்னொரு விஷயம், கனம். ஆறு சுன் பலகைன்னா பதினெட்டு சென்டிமீட்டர் தடிமன், காலோட பத்து கிலோவுக்கு மேல. விமானத்துல தூக்கிட்டுப் போறேன்னு கெளம்பாதீங்க. ஊருக்கு எடுத்துட்டுப் போகணும்னா காலு இல்லாத ஒரு சுன் மேஜைப் பலகை போதும்.

பலகைல விரிசல், அமுங்கல், கோடு அழிஞ்சது?

அமுங்கல் மட்டும்னா பயம் இல்ல, தண்ணில நனைச்சுப் பிழிஞ்ச துணிய அந்த எடத்துல போட்டு மேல இஸ்திரிப் பொட்டி நுனிய ரெண்டு செகண்டு தொட்டு எடுங்க, கயா எழும்பிக்கும். கோட்டுக்கு மேல பண்ணாதீங்க. மேற்பரப்பு மொத்தமும் போயிருந்தா பலகைக் கடைலயே இழைப்புளி போட்டு ஒரு எழ சீவி கோடு புதுசாப் போட்டுக் குடுப்பாங்க, செலவு கணிசமா ஆகும், அந்தக் கோட்ட நீங்க வீட்ல ஸ்கேல் வெச்சுப் போடலாம்னு நெனைச்சா நான் போட்ட பலகை ஒண்ணு இருக்கு, வந்து பாருங்க. ஓரத்துல இருக்குற சின்ன விரிசல அப்படியே விட்டுடலாம். விரிசல் வளர்றதுக்கு ஏசிக் காத்தும் ஹீட்டரும்தான் காரணம், மொதல்ல பலகைய அங்கேருந்து நகத்துங்க.

தந்தத்துல ஷோகி காய் இருக்காமே?

இருக்கு. தொடாதீங்க. 1990-ல இருந்து உலக வர்த்தகத்துக்கே தடை, இந்தியாக்குள்ள கொண்டு போக நெனைக்கவே வேணாம்.

சென்னை மாதிரி ஊர்ல வெச்சிக்க முடியுமா?

முடியும். ஈரம் ஜாஸ்திங்கறது மட்டும் பிரச்சனை இல்ல, பகல்ல ஈரம் ராத்திரி ஏசின்னு மாறி மாறி வர்றதுதான் மரத்த முறுக்கும். ஒரே ரூம்ல, சொவத்துல இருந்து தள்ளி, மரப்பொட்டில வைங்க. பாச்சை உருண்டை போட்டா அந்த வாசனை காய்ல ஏறி எறங்கவே எறங்காது. எல்லாத்த விட நல்ல மருந்து மாசத்துக்கு ஒரு தடவையாவது எடுத்து ஆடுறது.

ரீஸ்டோர் பண்ணி வித்தா லாபம் வருமா?

எனக்கு வந்ததில்ல. தொட்ட காய விட தொடாத காய்க்குத்தான் இங்க விலை.

உங்ககிட்ட இருக்குறதுலயே பிடிச்ச செட் எது?

விலை கம்மியான ஒண்ணு. கியோட்டோ சந்தைல ஒரு பாட்டிகிட்ட வாங்கினது, மேப்பிள் மரம், செதுக்குனது, ராஜா அடியில பேர் எதுவும் கெடையாது. எண்ணுனப்போ நாப்பது சரியா இருந்துது, வீட்டுக்கு வந்து தொடைக்கிறப்போதான் ஒரு சிப்பாய் மட்டும் எடையே இல்லாம இருக்கு. கமபோக்கோன்னு மீன் கேக் விக்கிறாங்க, அத ஒரு சின்ன மரப்பலகைல ஒட்டி விப்பாங்க, அந்தப் பலகைய அறுத்து யாரோ செஞ்சிருக்காங்க. அஞ்சு பக்கமும் கோணல், எழுத்து ஸ்கூல் பையன் எழுத்து, பேனா மைல, பின்பக்கம், காய் பதவி ஏறினா திருப்பி வெக்கிறப்போ தெரியுற எழுத்து, தலைகீழா இருக்கு. எந்த வருஷம், அப்பா செஞ்சதா பையன் செஞ்சதா, ஒண்ணும் தெரியாது. தொலைஞ்ச அசல் சிப்பாய்க்குப் பதிலா போட என்கிட்ட மேப்பிள் சிப்பாய் நாலஞ்சு சும்மா கெடக்குது. மாத்தல. காஞ்ச துணியால மட்டும் தொடைச்சேன், எண்ணெய் கூட வெக்கல, மை பரவிடும்னு பயம். பக்கத்து வீட்டுப் பொடியன் வந்தா அந்த செட்டத்தான் எடுக்கச் சொல்லுவான், அந்தச் சிப்பாய அவன் பக்கம்தான் வெச்சிக்குவான், போன வாரம் அத வெச்சுதான் என் ராஜாவ மடக்குனான்.